பழைய பிரிட்டிஷ் பப் விலை அட்டை: எப்படிப் படிப்பது, எந்த வருஷத்தது?

அட்டைப்பெட்டி:
இங்கிலாந்து பப் ஒன்றின் விலை அட்டை. தேதி இல்லை, பப்பின் பெயர் இருந்த மேல்விளிம்பு கிழிந்திருக்கிறது. இரண்டு பத்திகளில் மையால் எழுதியிருக்கிறார்கள்: பப்ளிக் பார் சாதாரண அறை, சலூன் பார் சற்று வசதியான அறை. மைல்டும் பிட்டரும் பீர் வகைகள், பைண்ட் சுமார் 568 மில்லி, அரை என்பது அரை பைண்ட். உள்ளதை அப்படியே தருகிறேன்.

பப்ளிக் பார்: மைல்டு பைண்ட் 1/7, அரை 9½. பிட்டர் பைண்ட் 1/10, அரை 11.
சலூன் பார்: மைல்டு 1/8, அரை 10. பிட்டர் 1/11, அரை 11½.
இரண்டுக்கும் பொதுவாகக் கீழே: விஸ்கி 3/-, கிரிஸ்ப்ஸ் 5.

1/10 என்றால் ஒரு பவுண்டு பத்து பென்ஸா? இன்றைய காசில் எவ்வளவு வரும்? எந்த வருஷத்து அட்டை என்று சொல்ல வழி உண்டா?

அரைக்கிரவுன்:
பவுண்டு இதில் எங்குமே வரவில்லை. கோட்டுக்கு இடப்பக்கம் ஷில்லிங், வலப்பக்கம் பென்ஸ். 1/10 என்பது ஒரு ஷில்லிங் பத்து பென்ஸ். வாயால் சொல்லும்போது ஷில்லிங் என்ற சொல்லே வராது, "ஒன் அண்ட் டென்" அவ்வளவுதான். 3/- என்றால் மூன்று ஷில்லிங், பென்ஸ் ஏதுமில்லை. கோடே இல்லாத 9½, 11, 5 எல்லாம் வெறும் பென்ஸ்.

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். பென்னிக்குக் குறியீடு "டி". ரோமானிய டெனாரியஸின் முதலெழுத்து அது. பவுண்டுக்கு லிப்ரா, ஷில்லிங்குக்கு சொலிடஸ். மூன்றையும் சேர்த்துத்தான் எல்.எஸ்.டி. என்றார்கள்.

புழங்கிய காசுகள்: அரைப் பென்னி, பென்னி, பன்னிரண்டு பக்கப் பித்தளை மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ் (டானர்), ஷில்லிங் (பாப்), இரண்டு ஷில்லிங் (ஃப்ளோரின்), இரண்டரை ஷில்லிங் (அரை கிரவுன்). அதற்கு மேலே பத்து ஷில்லிங் நோட்டு, ஒரு பவுண்டு நோட்டு. கால் பென்னியான ஃபார்திங் 1960 டிசம்பர் 31-ஓடு செல்லாமல் போனது.

ஒரு பவுண்டு தங்கக் காசுக்குப் பெயர் சாவரின், எடை 7.98 கிராம். நம் நகைக்கடைக்காரர் எட்டு கிராமை ஒரு பவுன் என்பது அந்தக் காசிலிருந்து வந்த பழக்கம்தான்.

கல்லாக்காரர்:
படிப்பதைவிடக் கூட்டுவதுதான் வேடிக்கை. உங்கள் அட்டையின் பப்ளிக் பார் விலையிலேயே ஒரு ரவுண்டு போடுவோம். இரண்டு பிட்டர், ஒரு மைல்டு, ஓர் அரை பிட்டர், ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ்.

பிட்டர் இரண்டு 3/8. மைல்டு 1/7. அரை பிட்டர் 11. கிரிஸ்ப்ஸ் 5. முதலில் பென்ஸ் மட்டும்: 8, 7, 11, 5, மொத்தம் 31. பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு ஷில்லிங், மீதி 7. பிறகு ஷில்லிங்: 3, 1, கைமிச்சம் 2, மொத்தம் 6. பில் 6/7.

பத்து ஷில்லிங் நோட்டை நீட்டினால் யாரும் கழித்தல் போட மாட்டார்கள், விலையிலிருந்து மேல்நோக்கி எண்ணுவார்கள். 6/7-இல் ஒரு மூன்று பென்ஸ் காசு வைத்தால் 6/10. இரண்டு பென்னி வைத்தால் 7 ஷில்லிங். ஓர் ஆறு பென்ஸ், 7/6. ஓர் அரை கிரவுன், பத்து. ஐந்து காசில் 3/5 சில்லறை முடிந்தது.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தப்பு விடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: பென்ஸ் பத்தியில் பத்தைத் தாண்டியதும் பழக்கத்தில் ஒன்றை ஷில்லிங்குக்குத் தூக்கிவிடுவார்கள். 31 பென்ஸ் 3/1 ஆகிவிடும், பில் 7/1 ஆகும். ஆறு பென்ஸ் கூடுதல். வாடிக்கையாளர் கவனித்தால் சண்டை, கவனிக்காவிட்டால் இரவுக் கணக்கில் கல்லா உதைக்கும்.

நாலணா:
இவ்வளவு தலைவலி எதற்கு? நூறு பைசா ஒரு ரூபாய் என்று நாம் 1957 ஏப்ரல் 1-இலேயே மாறிவிட்டோம். அவர்கள் 1971 பிப்ரவரி 15 வரை இழுத்தார்கள்.

பீப்பாய்:
தலைவலி உங்களுக்கு, பப் நடத்தியவருக்கு அல்ல. அவர் சரக்கு வாங்கிய அளவைப் பாருங்கள். ஒரு பீப்பாய் 36 காலன், 288 பைண்ட். 288 பென்ஸ் என்பது சரியாக 24 ஷில்லிங். அரைப் பீப்பாயான கில்டர்கின் 144 பைண்ட், 12 ஷில்லிங். கால் பீப்பாய் ஃபிர்கின் 72 பைண்ட், 6 ஷில்லிங். அதில் பாதி பின், 36 பைண்ட், 3 ஷில்லிங்.

அதாவது பைண்டுக்கு எத்தனை பென்னியோ அத்தனை ஆறு ஷில்லிங் ஒரு ஃபிர்கினில் வரும். உங்கள் பிட்டர் 22 பென்னி. 22 ஆறு 132 ஷில்லிங், ஆறு பவுண்டு பன்னிரண்டு. முழுப் பீப்பாய் என்றால் நாலு மடங்கு, 26 பவுண்டு 8 ஷில்லிங். காகிதமே வேண்டாம்.

ஆனால் இது கடைசித் துளி வரை விற்றால். மரப் பீப்பாயோ உலோகப் பீப்பாயோ, உள்ளே நொதித்த பீரில் ஈஸ்ட் அடியில் படியும். கலங்கல் வர ஆரம்பித்ததும் குழாயை மூடியாக வேண்டும். பீப்பாயைச் சரியான நேரத்தில் மெதுவாகச் சாய்க்காமல் கடைசி நிமிஷத்தில் தூக்கிச் சாய்த்தால் வண்டல் கிளம்பி, தெளிவாக இருந்ததும் கெடும். ஒரு காலன் வீணானால் 8 பைண்ட், 1/10 வீதம் 14/8 போச்சு.

விஸ்கியும் இதே மாதிரிதான். அன்று ஒரு புட்டி 26⅔ அவுன்ஸ். இங்கிலாந்தில் அப்போது ஒரு அளவு ஆறில் ஒரு கில் (கில் என்பது கால் பைண்ட்), அதாவது ⅚ அவுன்ஸ். புட்டிக்கு 32 அளவு. 3/- வீதம் 96 ஷில்லிங், நாலு பவுண்டு பதினாறு. ஸ்காட்லாந்தில் ஐந்தில் ஒரு கில் ஊற்றினார்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

நாலணா:
சரி, பீப்பாய்க் கணக்கு அழகு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெசிமல் மாற்றத்தைச் சாக்கு வைத்து விலை ஏற்றினார்கள் என்று அந்தத் தலைமுறை முழுக்கச் சொல்கிறதே? நம் ஊரில் ஒரு அணா 6¼ நயா பைசா. ஆறு என்று வைத்தால் கடைக்காரருக்குக் கால் பைசா நஷ்டம், ஏழு என்றால் வாங்குபவருக்கு முக்கால். அதே கதைதானே?

அரைக்கிரவுன்:
அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேசலாம். புதிய முறையில் ஒரு பவுண்டுக்கு 100 புதிய பென்ஸ், ஆக ஒரு ஷில்லிங் சரியாக 5 புதிய பென்ஸ். ஒரு பழைய பென்னி 0.4167 புதிய பென்ஸ். மிகச் சிறிய புதுக் காசு அரைப் பென்னி. அதனால் கடைகளுக்கான அரசு அட்டவணை இப்படி இருந்தது:

1 → ½
2 → 1
3 → 1
4 → 1½
5 → 2
6 → 2½
7 → 3
8 → 3½
9 → 4
10 → 4
11 → 4½
12 → 5

ஒவ்வொரு வரியிலும் ஏற்றமோ இறக்கமோ எவ்வளவு என்று கூட்டுங்கள். 3-இல் கால் பென்னி இறங்குகிறது, 9-இல் கால் பென்னி ஏறுகிறது, மற்றவையும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மொத்தம் பூஜ்யம். டெசிமல் வாரியம் இதில் யாரையும் ஏமாற்றவில்லை.

இந்த அட்டையை மாற்றினால் 1/7 → 8, 1/8 → 8½, 1/10 → 9, 1/11 → 9½, கிரிஸ்ப்ஸ் 2, விஸ்கி 15. பிட்டரில் பப்காரருக்குத்தான் பைண்டுக்குக் கொஞ்சம் நஷ்டம். 1/10 துல்லியமாக 9.17.

கல்லாக்காரர்:
அட்டவணை சமமாக இருந்தது சரி. ஆனால் அது சட்டமில்லை, வழிகாட்டி. விலை வைப்பது கடைக்காரர் இஷ்டம். 1/10-ஐ 9 என்று எழுதுவதா 9½ என்று எழுதுவதா என்பது கையில் சுண்ணக்கட்டி வைத்திருந்தவர் முடிவு. மிட்டாய் வாங்கும் பிள்ளை ஒன்றிரண்டு பென்னிப் பொருளை ஒவ்வொன்றாக வாங்கும். அதற்கு 1 → ½, 2 → 1, இரண்டுமே ஏற்றம். மொத்தம் பூஜ்யம் என்ற கணக்கு அந்தப் பிள்ளைக்கு உதவாது.

பீப்பாய்:
இருவருமே முக்கியமான இடத்தைத் தொடவில்லை. மாற்றிய நாளில் விலை எங்கே நின்றது என்பதைவிட, அடுத்து ஏற்றும்போது எவ்வளவு ஏற்ற வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். பழைய முறையில் பைண்டின் விலையை ஒரு பென்னி நகர்த்தலாம், பீப்பாய்க்கு 24 ஷில்லிங். புதிய முறையில் குறைந்தபட்ச நகர்வு ½ புதிய பென்னி, அது பழைய காசில் 1.2. பீப்பாய்க்கு 1.44 பவுண்டு, அதாவது 28 ஷில்லிங் 9½ பென்னிக்குச் சற்று மேல். ஒவ்வொரு படியும் ஐந்தில் ஒரு பங்கு உயரமாகிவிட்டது. 1984 கடைசியில் அந்த ½ பென்னியும் போனதும் குறைந்தபட்சப் படி ஒரு பென்னி, பழைய கணக்கில் 2.4.

ஆனாலும் எழுபதுகளின் விலையேற்றத்தை இதன் தலையில் கட்ட முடியாது. 1973 ஏப்ரலில் வாட் வரி வந்தது, 1975-இல் பணவீக்கம் 24 சதவீதம். எந்தக் காசாக இருந்தாலும் பைண்ட் ஏறியிருக்கும்.

பீரின் விலையை நகர்த்தியது பெரும்பாலும் நிதியமைச்சர்தான். 1914 நவம்பரில் லாய்ட் ஜார்ஜ் பீப்பாய் வரியை 7/9-இலிருந்து 23/- ஆக்கினார். ஏற்றம் 15/3, அதாவது 183 பென்ஸ். 288 பைண்டுக்குப் பிரித்தால் பைண்டுக்கு அரைப் பென்னிக்குச் சற்றே மேல். கல்லாவில் ஏறியதோ ஒரு முழுப் பென்னி. 1917-இல் அரசே விலை நிர்ணயித்தது: ஈர்ப்பளவு (நொதிக்கும் முன் பீர்க் கரைசலின் அடர்த்தி, தண்ணீருக்கு 1000) 1036-க்குக் கீழ் இருந்தால் பைண்ட் 4 பென்ஸ், 1036 முதல் 1042 வரை 5 பென்ஸ். போருக்கு முன் சராசரியே 1050-க்கு மேல், விலை 2 முதல் 3 பென்ஸ். இரட்டைக் காசுக்குத் தண்ணீர் பீர். 1933-இல் நெவில் சேம்பர்லின் ஒரு பென்னி குறைத்தார், 1959-இல் ஹீத்கோட் அமோரி இரண்டு பென்னி குறைத்தார். 1964, 1965 இரண்டு பட்ஜெட்டிலும் தலா ஒரு பென்னி திரும்ப ஏறியது.

பழைய ஆட்கள் பப்ளிக் பாரை "ஃபோர் ஏல் பார்" என்பார்கள். அங்கே நாலு வகை ஏல் கிடைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள், தப்பு. குவார்ட் (இரண்டு பைண்ட்) நாலு பென்னிக்கு விற்ற மைல்டு அது. பைண்ட் இரண்டு பென்னி.

தராசு:
காசின் எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த முறையின் உண்மையான சாமர்த்தியம் அங்கேதான்.

வெள்ளிக் காசுகள் எல்லாம் மதிப்புக்கு நேர்விகிதத்தில் எடை. ஆறு பென்ஸ் 2.83 கிராம், ஷில்லிங் 5.66, ஃப்ளோரின் 11.31, அரை கிரவுன் 14.14. நாலையும் கலந்து ஒரு பையில் கொட்டித் தராசில் வைத்தாலே மொத்தத் தொகை தெரியும். ஒரு பவுண்டு மதிப்பு 113 கிராம், ஏறத்தாழ நாலு அவுன்ஸ். 1920 வரை 92.5 சதவீத வெள்ளி, 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் வெறும் குப்ரோ நிக்கல். எடை மட்டும் மாறவில்லை.

செம்பில் அந்த வசதி கிடையாது. பென்னி மூன்று ஓர் அவுன்ஸ், அரைப் பென்னி ஐந்து ஓர் அவுன்ஸ். அதனால் இரண்டு அரைப் பென்னி 11.34 கிராம், ஒரு பென்னி 9.45. கலந்து நிறுத்தால் கணக்கு தப்பும். முதலில் பிரித்தே ஆக வேண்டும். தனியாகப் பென்னி மட்டும் என்றால் ஐந்து ஷில்லிங்குக்கு 60 காசு, 20 அவுன்ஸ். 1971-இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள்: ½, 1, 2 முறையே 1.78, 3.56, 7.12 கிராம். செம்பையும் கலந்து நிறுக்கலாம்.

5, 10 பென்ஸ் காசுகளை ஷில்லிங், ஃப்ளோரின் அளவிலேயே 1968-இல் வெளியிட்டதால் அந்த இரண்டு காசையும் விழுங்கிய இயந்திரங்கள் தப்பித்தன. பென்னியும் மூன்று பென்ஸும் போட்டு ஓடியவைக்குத்தான் காசுத் துளையையே மாற்ற வேண்டியிருந்தது.

கல்லாக்காரர்:
கல்லாப்பெட்டிக்கும் அதே பாடு. பழைய பெட்டியில் பென்ஸ் வரிசைக்கு 11 வரை விசை, உள்ளே பன்னிரண்டில் ஒன்றைத் தூக்கும் சக்கரம். பத்தில் தூக்க வைக்க முடியாத பெட்டிகளைத் தூக்கித்தான் போட வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை. 1971 ஆகஸ்ட் 31 வரை பழைய கணக்குக் கடைகளும் புதிய கணக்குக் கடைகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. புதிய கணக்குக் கடையில் பழைய பென்னியும் மூன்று பென்ஸும் செல்லும், ஆனால் ஆறு பென்ஸ் கணக்காகச் சேர்த்துக் கொடுத்தால் மட்டுமே. ஆறு பென்ஸ் சரியாக 2½. அதற்குக் கீழே எதுவும் மிச்சமில்லாமல் மாறாது. டானர் 1980 ஜூன் வரை தாக்குப்பிடித்ததற்கு அந்த 2½ உதவியது.

நாலணா:
அன்றைக்குப் பைண்ட் 9 பென்ஸ், இன்றைக்கு ஐந்து பவுண்டு. இதை எப்படி ஒப்பிடுவது?

பீப்பாய்:
காசோடு காசை ஒப்பிடாதீர்கள், கூலியோடு ஒப்பிடுங்கள். 1970-இல் பிரிட்டனில் முழுநேர ஆண் உடலுழைப்புத் தொழிலாளியின் சராசரி வாரக் கூலி சுமார் 28 பவுண்டு. பைண்ட் 2/- என்று வைத்தால் 280 பைண்ட். 2024-இல் முழுநேர ஊழியரின் நடுநிலை வார ஊதியம் சுமார் 730 பவுண்டு, பைண்ட் 5 என்றால் 146. இரண்டும் ஒரே வகைக் கூலிப் புள்ளிவிவரம் இல்லை, அதனால் கடைசி இலக்கத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனாலும் பப் பீர் உண்மையிலேயே விலை கூடியிருக்கிறது. ஏக்கப்படுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

அரைக்கிரவுன்:
அட்டையின் வருஷத்துக்கு வருவோம். அரைப் பென்னி 1969 ஆகஸ்ட் 1 முதல் செல்லாது. 9½, 11½ என்று எழுதியிருப்பதால் அட்டை அதற்கு முன் எழுதப்பட்டது. விலையைப் பார்த்தால் 1964, 1965 வரி ஏற்றங்களுக்குப் பிந்தியது மாதிரி இருக்கிறது. ஆனால் லண்டனைவிட வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் பீர் மலிவு. ஊர் தெரியாமல் விலையை மட்டும் வைத்து வருஷம் சொல்வது ஆபத்து. மேலே திருத்தம் ஏதாவது இருக்கிறதா?

அட்டைப்பெட்டி:
இருக்கிறது, யாரோ கிறுக்கியது என்று நினைத்து எழுதாமல் விட்டேன். பப்ளிக் பார் மைல்டில் 9½-ஐப் பென்சிலால் அடித்து 10. சலூன் பிட்டரில் 11½-ஐ அடித்து 1/-. வேறெங்கும் கோடு இல்லை.

கல்லாக்காரர்:
அப்படியானால் வேலை முடிந்தது. அடித்திருப்பது எவை என்று பாருங்கள். 1/7-இன் பாதி, 1/11-இன் பாதி. இரண்டும் ஒற்றைப்படைப் பென்ஸ், பாதியாக்கினால் அரைப் பென்னி மிஞ்சும். 1/8-க்கும் 1/10-க்கும் பாதி முழுப் பென்னியிலேயே வருகிறது, அவற்றைத் தொடவில்லை. பைண்ட் விலை ஒன்றுகூட மாறவில்லை. பொது விலையேற்றமாக இருந்தால் எல்லா வரியும் மாறியிருக்கும். அரைப் பென்னி செல்லாமல் போனதற்காக மட்டும் செய்த திருத்தம் இது. 1969 ஆகஸ்ட் வாக்கில் சுவரில் தொங்கிய அட்டை.

நாலணா:
அப்போது மைல்டு இரண்டு அரையாக வாங்கினால் 1/8, ஒரு பைண்டாக வாங்கினால் 1/7?

கல்லாக்காரர்:
ஆமாம். சலூனில் பிட்டரும் அப்படியே, 1/11-க்குப் பதில் 2/-. நீங்கள் தேடிய விலையேற்றம் டெசிமலுக்குப் பதினெட்டு மாதம் முன்னாலேயே அரைக் கோப்பையில் வந்துவிட்டது.

தராசு:
அட்டைப்பெட்டி, ஒரு வேண்டுகோள். சட்டம் போடுவதற்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று ரப்பரை எடுத்துவிடாதீர்கள். மை எழுத்தின் மேல் படிந்த புகைக்கறை அப்படியே இருக்கட்டும், மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். பின்பக்கம் பசை ஒட்டியிருந்தால் நனைக்க வேண்டாம், மை ஊறிப் பரவும். ஓரத்தில் அச்சகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கலாம். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தீர்களா?